வாக்கியம் என்ன செய்கிறது?

கவிதைத் தொகுதிகளுக்கு நம்மவர்கள் எழுதும் மதிப்புரைகளை வெட்டிச் சேர்த்துவைத்துப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். நல்ல பழக்கம்தானா என்று கேட்டால் பதில் இல்லை. அவற்றில் பெரும்பாலானவை இரண்டே காரியங்களைச் செய்கின்றன. கவிதை என்ன சொல்கிறது என்பதை உரைநடையில் திருப்பிச் சொல்கின்றன. அதைப் படித்தபோது மதிப்புரைகாரருக்கு என்ன நேர்ந்தது என்று தெரிவிக்கின்றன. தனிமை, இருத்தலின் பதற்றம், நகரத்தின் வெறுமை என்று முதலாவது. உலுக்கியது, உறைய வைத்தது, இரண்டு நாள் தூங்கவிடவில்லை என்று இரண்டாவது. மூன்றாவது வரி வந்தபிறகு இரண்டாவது வரிக்கு என்ன ஆயிற்று என்று யாரும் பேசுவதில்லை. பேச முடியாத விஷயம் என்று நினைக்கிறார்களோ, பேசத் தகாத விஷயம் என்று நினைக்கிறார்களோ தெரியாது.

இந்தக் குறை எனக்குத் திட்டவட்டமாகப் புலப்பட்டது விமர்சன நூல் எதையும் படித்து அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஏ.டி. என்ற தேர்வின் கேள்விகளைப் பார்த்துத்தான். இதைச் சொன்னால் நம் வட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் அண்ணன் மகள் அந்தத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். கணக்குப் பகுதியைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வாசிப்புப் பகுதியில்தான் மதிப்பெண் ஏறவில்லை. "நீ இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சவன்தானே, இதுக்காவது அது உபயோகப்படட்டும்" என்று அண்ணன் அவளை என்னிடம் ஒப்படைத்தார். பி.ஏ. முடித்துப் பன்னிரண்டு வருஷத்துக்குமேல் ஆகிறது. வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்தப் பட்டத்தால் இதுவரை நேர்ந்த ஒரே லாபம், மேலாளர் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது. எனவே ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் உட்காருகிறோம்.

தேர்வு இப்போது முழுவதும் கணினியில் நடக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே 2023 மார்ச்சிலும் அமெரிக்காவில் 2024 மார்ச்சிலும் இந்த மாற்றம் வந்தது. அதற்கு முன் இருந்த தாளில் 500 முதல் 750 வார்த்தை வரை நீளும் பத்திகளும், ஒவ்வொன்றின் கீழும் பத்துப் பதினொரு கேள்விகளும் இருந்தன. இப்போது பத்தி என்பது 25 வார்த்தைக்கும் 150 வார்த்தைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பத்திக்கு ஒரு கேள்வி. கேள்விக்கு நான்கு விடைகள். 64 நிமிஷத்தில் 54 கேள்விகள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு எழுபத்தோரு வினாடி வருகிறது. நீண்ட வாசிப்பு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தம் நியாயமானது. ஆனால் கவிதை படிக்கிறவனுக்கு நூறு வார்த்தை என்பது பழகிய அளவு. நாம் வாழ்நாள் முழுவதும் அந்த அளவுக்குள்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கேள்விகளில் ஒரு வகை, பத்தி என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. பத்தியின் மொத்த அமைப்பை எந்த விடை மிகச் சரியாக விவரிக்கிறது என்று கேட்கிறது. சில சமயம் ஒரு வாக்கியத்துக்கு அடிக்கோடிட்டு, பத்தி முழுவதிலும் அந்த வாக்கியத்தின் வேலை என்ன என்று கேட்கிறது. கருத்தைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாக விடைசொல்கிற பெண், இந்த இடத்தில் வந்து நின்றுவிடுவாள். பத்தி புரியாததால் நிற்பதில்லை. நன்றாகப் புரிந்துகொண்டுதான் நிற்கிறாள். புரிந்துகொண்டது எதைப் பற்றி என்று கேட்டால் சொல்கிறாள். எப்படிப் புரிந்தது என்று கேட்டால் விழிக்கிறாள்.

எனக்கு இது முற்றிலும் புதியதல்ல. 2016இல் வங்கி வேலைக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வை எழுதியபோது, முதல்கட்டத் தாளின் 100 கேள்விகளில் 30 ஆங்கிலத்துக்கு. அந்த ஆங்கிலத்துக்காகப் படிக்கும்போது, கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தும் பயிற்சியை நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். அதை ஒரு விளையாட்டாக ரசித்தேன் என்றே சொல்லவேண்டும். 'இந்த' என்று தொடங்கும் வாக்கியம் முதலில் வர முடியாது. 'அவர்' வருவதற்கு முன்னால் அவர் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். 'எனினும்' என்பதற்கு முன்னால் மறுப்பதற்கு ஏதாவது இருந்தாக வேண்டும். இப்படித் தையல் பிரிந்த இடங்களைத் தடவிப் பார்த்து ஒட்டுகிற வேலை. ஆனால் அது தையற்காரன் அறிவு. துணி எதற்கு வெட்டப்பட்டது என்று அந்தப் பயிற்சி கேட்டதில்லை. இந்தப் பெண்ணின் தேர்வு கேட்கிறது.

அவளுக்கு நான் முதலில் தமிழில் ஒரு மாதிரி எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் படிக்கும்போது, பழகிப்போன தொடர்கள்மேல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. தமிழில் என்றால் யந்திரம் மூடியில்லாமல் தெரியும் என்று ஓர் எண்ணம். பத்தி இது:

தூக்கணாங்குருவி தன் கூட்டின் உட்சுவரில் ஈரமண்ணை ஒட்டிவைக்கிறது. இரவில் வெளிச்சத்துக்காக மின்மினிப் பூச்சியைப் பதித்துவைப்பதற்கான சாந்து அது என்று கிராமங்களில் சொல்வதுண்டு. பிரித்துப் பார்த்தால் பல கூடுகளில் மண் மட்டும்தான் இருக்கிறது. கூடு காற்றில் நிலைகுலையாமல் இருக்க அந்த மண்ணின் எடை உதவுகிறது என்று பறவைகளைக் கவனிப்பவர்கள் சிலர் கருதுகிறார்கள்.

விடைகள் நான்கு. முதலாவது: ஒரு நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அது தவறு என்று நிரூபித்து, சரியான காரணத்தை நிறுவுகிறது. இரண்டாவது: ஒரு செயலைக் குறிப்பிட்டு, அதற்கு வழங்கிவரும் விளக்கத்தைச் சொல்லி, அதோடு பொருந்தாத ஒரு கவனிப்பைத் தந்து, வேறொரு விளக்கத்தை முன்வைக்கிறது. மூன்றாவது: இரண்டு விளக்கங்களைத் தந்து, இரண்டும் போதாதவை என்று முடிக்கிறது. நான்காவது: ஒரு பறவை கூடு கட்டும் முறையைப் படிப்படியாக விவரிக்கிறது.

முதலாவதைச் சொன்னாள். அவள் மட்டுமல்ல, நம்மில் பலரும் அதைத்தான் சொல்வோம். தர்க்கம் அந்தத் திசையில்தான் ஓடுகிறது: ஊரார் நம்பினார்கள், பார்த்தார்கள், இல்லை, உண்மை இது. "அர்த்தம் அதேதானே சித்தப்பா?" என்றாள். அர்த்தம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் பல கூடுகளில் மண் மட்டும்தான் இருக்கிறது என்பது நிரூபணம் ஆகாது. சிலர் கருதுகிறார்கள் என்பது நிறுவுதல் ஆகாது. அந்த விடையில் இரண்டு வினைச்சொற்கள் பத்தியைவிடத் தைரியமாக இருக்கின்றன. அவ்வளவுதான் அதன் குற்றம். அந்தக் குற்றத்துக்காக அது விழுந்துவிடுகிறது. மேலும், பத்தி நம்பிக்கையிலிருந்து தொடங்கவில்லை, மண்ணிலிருந்து தொடங்குகிறது. அதையும் அந்த விடை கவனிக்கவில்லை.

இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. தேர்வுகளைப் பற்றி நாம் வைத்திருக்கும் பொதுவான அபிப்பிராயம், அவை வாசிப்பை மொண்ணையாக்குகின்றன என்பது. இந்தக் கேள்வி அதற்கு நேர் எதிராகச் செயல்படுகிறது. மறுக்கிறது என்பதற்கும் வரம்பு கட்டுகிறது என்பதற்கும் இடையில் உள்ள தூரத்தை அது பதினாறு வயதுப் பெண்ணிடம் கேட்கிறது. ஒரு வாக்கியம் 'ஆனால்' என்று தொடங்கினால், அது முந்தைய வாக்கியத்தைத் தள்ளிவிடுகிறதா, அல்லது 'நீ சொன்னது சரி, இவ்வளவு தூரத்துக்குத்தான் சரி' என்று கோடு கிழிக்கிறதா? முன்வைக்கிறதா, வாதாடுகிறதா, நிறுவுகிறதா? உதாரணம் தருகிறதா, விதிவிலக்கைத் தருகிறதா? நம் மதிப்புரைகளில் எல்லா 'ஆனால்'களும் உடைப்பு. எல்லாக் கவிஞர்களும் எதையாவது கட்டுடைத்துக்கொண்டோ நிறுவிக்கொண்டோ இருக்கிறார்கள். தயங்குகிறார், யூகிக்கிறார், ஒப்புக்கொண்டு நழுவுகிறார் என்று எழுதினால் கவிஞருக்குக் கௌரவக் குறைவு என்று ஓர் எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. என்னிடம் சேர்ந்திருக்கும் வெட்டுத்துண்டுகளில் பாதிக்குமேல் அந்த முதல் விடையின் வழியில்தான் நடக்கின்றன.

செய்முறை என்று அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அதிகமில்லை. விடைகளைப் பார்க்காதே, திரையின் அந்தப் பக்கத்தை ஒரு நோட்டை வைத்து மறைத்துக்கொள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உன் வார்த்தையில் ஒரு வினைச்சொல் வை. பெயர்ச்சொல் வேண்டாம். பறவையையும் மண்ணையும் மறந்துவிடு. அவள் வைத்த வினைச்சொற்கள்: காட்டுது, காரணம் சொல்லுது, இடறுது, யூகிக்குது. 'இடறுது' என்பது மூன்றாவது வாக்கியத்துக்கு. எந்தப் பாடநூலிலும் இருக்க முடியாத சொல். அதற்கப்புறம் நோட்டை எடுத்துவிட்டு விடைகளைப் பார்த்தால் மூன்று தானாகவே உதிர்ந்துவிடுகின்றன. விடையின் முன்பாதி சரியாகவும் பின்பாதி தவறாகவும் இருப்பது தேர்வுகாரர்களின் வழக்கமான தந்திரம். அவசரக்காரன் முன்பாதியைப் படித்ததும் தொட்டுவிடுவான். எனவே பின்பாதியிலிருந்து படி என்றேன். மற்றதெல்லாம் பழக்கத்தில் வருவது.

கவிஞரான ஒரு நண்பரிடம் இதையெல்லாம் உற்சாகமாகச் சொன்னேன். டீ ஆறும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவிதையை நாலு பொட்டலமாகக் கட்டி எதில் ருசி இருக்கிறது என்று கேட்கிறவனிடம் போய்ப் பாடம் கேட்கிறீரே ஐயா" என்றார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அதற்கு வருகிறேன். ஆனால் அந்தக் குரலில் இருந்த நிச்சயம் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ருசி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்கள் அந்தப் பொட்டலத்தைக்கூடக் கட்டுவதில்லையே.

தமிழில் இதைச் செய்ய முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1959 ஜனவரியில் 'எழுத்து'வைத் தொடங்கிய சி. சு. செல்லப்பா, 1970இல் அது நிற்கும்வரை, அலசல் வேண்டும், அலசல் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். க. நா. சு.வின் வழி வேறு. தேர்ந்த ரசனை உள்ளவன் ஒரு பெயரைச் சொன்னால் போதும், வாசகன் தேடிப் படித்துக்கொள்வான் என்ற நம்பிக்கை அது. இருவருக்கும் நடந்த வாக்குவாதம் நமக்கெல்லாம் தெரியும். அதில் யார் ஜெயித்தார் என்று வெளிப்படையாக யாரும் அறிவிக்கவில்லையே தவிர, பட்டியல்தான் ஜெயித்தது என்பது என் அபிப்பிராயம். பட்டியல் போடுவது சுலபம் என்பது மட்டும் காரணமில்லை. செல்லப்பாவின் அலசலில் ஒரு சிரமம் இருந்தது. அவர் ஒவ்வொரு வரியையும் பிரித்து வெயிலில் காயவைப்பார். எல்லா வரிகளுக்கும் ஒரே அளவு வெயில். எந்த வரி எதன்மேல் வேலைசெய்கிறது என்ற கேள்வி அந்தப் பொறுமையில் சில சமயம் காணாமல் போய்விடும். அப்புறம் வந்த உருவம், உள்ளடக்கம் சண்டையில் இரண்டு கட்சியும் உருவத்தை ஒரு பாத்திரமாகவே பாவித்தன. ஒரு கட்சி பாத்திரம் முக்கியமில்லை என்றது. மற்றது பாத்திரம்தான் முக்கியம் என்றது. பால் பொங்கும்போது பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இரண்டுக்கும் நேரமில்லை.

மேற்கில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிஞர் பெயர் போடாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த குறிப்புகளை வைத்து 1929இல் ஒரு புத்தகம் போட்டார். படித்தவர்கள் என்று நாம் நினைப்பவர்கள் எவ்வளவு மோசமாகப் படிக்கிறார்கள் என்பதற்கு அதைவிட இரக்கமற்ற சாட்சியம் இல்லை. 1947இல் க்ளியந்த் ப்ரூக்ஸ், கவிதையை உரைநடையில் திருப்பிச் சொல்வதை ஒரு மதத்துரோகம் என்றே அழைத்தார். பி.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது முழுமனசோடு தலையாட்டினேன். இப்போது தோன்றுவது வேறு. அமைப்பைப் பற்றிய இந்தத் தேர்வுக் கேள்வியும் ஒரு திருப்பிச்சொல்லல்தான். ஆனால் கருத்தைத் திருப்பிச் சொல்வதில்லை. செயலைத் திருப்பிச் சொல்கிறது. ப்ரூக்ஸ் விரட்டியது முதல் வகையை. இரண்டாவது வகையை விரட்டிவிட்டால் விமர்சகனுக்குப் பேசுவதற்கு எதுவும் மிஞ்சாது.

இனி நண்பர் சொன்னதற்கு வருகிறேன்.

எங்கள் கிளைக்கு ஒரு பெரியவர் ஒருநாள் ஆர்.டி. கணக்கை முன்கூட்டியே முடித்துத் தரும்படி கடிதம் கொண்டுவந்தார். நீல மசியில், கோடு போட்ட தாளில், நாலே வாக்கியம். என் பேத்தி கல்யாணத்துக்காக மாதாமாதம் கட்டிவந்த கணக்கை முடித்துப் பணத்தைத் தரக் கேட்டுக்கொள்கிறேன் என்பது முதல் வாக்கியம். இரண்டாவதில் கணக்கு எண், தொடங்கிய தேதி. மூன்றாவதில், வட்டி குறையும் என்பது தெரியும், ஆட்சேபமில்லை. நான்காவது: கல்யாணம் இனிமேல் இல்லை.

அவ்வளவுதான். ஏன் இல்லை என்று எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கிளார்க் கேட்கவேண்டிய கேள்வி அது இல்லை. முன்முதிர்வு முடிப்பு என்று உள்ளிட்டுப் பணத்தை அவருடைய சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தேன்.

அந்தக் கடிதத்தைத் தேர்வுக் கேள்வியாக வைத்தால் விடை எழுதுவது சுலபம்: ஒரு கோரிக்கையை வைத்து, அதற்கு வேண்டிய விவரங்களைத் தந்து, எழக்கூடிய ஆட்சேபத்துக்கு முன்னதாகவே பதில்சொல்லி, காரணத்தோடு முடிக்கிறது. இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. எந்த வினைச்சொல்லும் கடிதத்தைவிடத் தைரியமாக இல்லை. ஆனாலும் நான்காவது வாக்கியத்தைப் படித்ததும், முதல் வாக்கியத்தில் இருந்த 'கல்யாணத்துக்காக' என்ற சொல் முன்னிருந்தபடி இல்லை. 'ஆட்சேபமில்லை' என்பதும் வேறாகிவிட்டது. கடைசி வாக்கியம் காரணம் மட்டும் சொல்லவில்லை, பின்னால் நடந்துபோய் மற்ற மூன்றையும் தொட்டுவிட்டு வருகிறது. விடை பத்தியை முடிந்துபோன பொருளாக, மாடியிலிருந்து பார்க்கும் தெருவாகப் பார்க்கிறது. முதல் வீடு, இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. தெருவில் நடந்துபோகிறவனுக்கு நான்காவது வீட்டுக்கு வந்தபிறகு முதல் வீட்டின் கதவு வேறு மாதிரி தெரிந்தால், அதைச் சொல்ல அந்த நான்கு விடைகளில் இடம் கிடையாது.

இதற்குச் சொல் தேடியபோதுதான் நன்னூல் நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி பொருள்கோள் என்று எட்டு வகை சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்த பட்டியல். ஆற்றுநீர், மொழிமாற்று, நிரல்நிறை, விற்பூட்டு, தாப்பிசை, அளைமறிபாப்பு, கொண்டுகூட்டு, அடிமறிமாற்று. பாட்டின் சொற்களை எந்த வழியில் சேர்த்துப் பொருள் எடுப்பது என்பதற்கான பெயர்கள் இவை. ஆற்றுநீர் தடையில்லாமல் ஓடுகிறது. விற்பூட்டில் முதலும் கடைசியும் வில்லின் நாண்போலப் பூட்டிக்கொள்கின்றன. தாப்பிசையில் நடுவில் உள்ள சொல் ஊசல்போல இரு பக்கமும் போய்வருகிறது. அளைமறிபாப்பு என்பது புற்றுக்குள் நுழையும் பாம்பு தலை மடங்கித் திரும்புவது: பாட்டின் கடைசியில் நிற்கும் சொல் திரும்பி நடுவுக்கும் முதலுக்கும் போய்ப் பொருள் கொள்கிறது. அந்தப் பெரியவரின் கடிதத்துக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தெரியாது. பவணந்தி பேசுவது இலக்கண இயைபைப் பற்றி, நான் சொல்வது வாசிப்பில் நேர்வதைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல என்று தமிழாசிரியர்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் சரியே. பெயரைக் கடன் வாங்குகிறேன், அவ்வளவுதான்.

கவனிக்கவேண்டியது, இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை அசைவின் பெயர்கள் என்பது. சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கும் விதத்துக்கும் அவர் நான்கு பெயர் தருகிறார்: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கம், தவளைப்பாய்த்து, பருந்தின் வீழ்வு. சிங்கம் முன்னும் பின்னும் பார்க்கிறது. தவளை நடுவில் உள்ளதை விட்டுத் தாவுகிறது. பருந்து தூரத்திலிருந்து இறங்கி, வேண்டியதைக் கவ்விக்கொண்டு போய்விடுகிறது. ஒரு வாக்கியத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள உறவைப் பார்க்கக் கண்ணும் காலும் சிறகும் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே சமயம், அந்த வாக்கியம் மறுக்கிறதா, வரம்பு கட்டுகிறதா, இடறுகிறதா என்ற விஷயத்தை இந்தப் பெயர்களால் பிடிக்க முடியாது. பருந்து வந்து கவ்விக்கொண்டு போயிற்று, சரி, எதற்காக? அதற்குத் தேர்வுக் கேள்வியிடம்தான் திரும்பவேண்டும். நம் மதிப்புரைகளுக்கு இரண்டும் தேவை. இரண்டில் ஒன்றையாவது வைத்துக்கொண்டு எழுதுகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

இந்தப் பெயர்களை எல்லாம் அவளுக்கும் சொன்னேன். தேர்வுக்கு உதவாத விஷயம் என்று எச்சரித்துவிட்டுத்தான். தேர்வுப் பத்திகள் ஏறக்குறைய எல்லாமே ஆற்றொழுக்கு. வெட்டிச் செதுக்கி அப்படி ஆக்கப்பட்டவை. நடுவில் எப்போதாவது ஒரு பழைய ஆங்கிலக் கவிதைத் துண்டு, கவிஞர் பெயரும் ஆண்டும் சேர்த்து, வந்துவிடுகிறது. அங்கேதான் அவள் இன்னும் தடுமாறுகிறாள். அங்கே தடுமாறுவது ஆரோக்கியம் என்று அண்ணனிடம் சொல்ல முடியாது.

எட்டில் அவளுக்கு மிகவும் பிடித்தது அடிமறிமாற்று. அடிகளை எந்த இடத்தில் மாற்றிப்போட்டாலும் பொருளும் ஓசையும் கெடாமல் நிற்கும் பாட்டு. அப்படியானால் கலைத்துப்போட்ட வாக்கியங்களை வரிசைப்படுத்தச் சொன்னால் எல்லா விடையும் சரிதானே என்று சிரித்தாள். ஐ.பி.பி.எஸ். தாளில் அப்படி ஒன்று வந்திருந்தால் என் வாழ்க்கை இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் தூக்கணாங்குருவிப் பத்தியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். எழுதினேன். விடைகளையும் ஆங்கிலமாக்கி, அவளுடைய வகுப்புத் தோழிகள் இரண்டு பேரிடம் கொடுத்தோம். தமிழில் தூண்டிலாக இருந்த முதல் விடையை அவர்களில் யாரும் தொடவில்லை. சில வினாடிகளில் இரண்டாவதைக் காட்டிவிட்டார்கள். கெட்டிக்காரப் பெண்கள் என்பது ஒரு காரணம். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பதையும் மறக்கவில்லை. ஆனால் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில், பறவைகளைக் கவனிப்பவர்கள் சிலர் கருதுகிறார்கள் என்பது வாசலிலேயே வந்து நிற்கிறது. சந்தேகம் முதலில் வந்து, விஷயம் அதன் பின்னால் வருகிறது. தமிழில், மண்ணின் எடை உதவுகிறது என்பதை முழு பலத்தோடு படித்து, நம்பி, அதற்குப் பிறகுதான் 'என்று' வருகிறது, 'சிலர்' வருகிறார்கள், கருதுகிறார்கள். நம்பியதைப் பாதி திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. வாக்கியத்துக்குள்ளேயே ஒரு சின்னப் பாம்பு தலை திரும்புகிறது. பத்தி ஒன்றேதான், விடைகளும் அவையேதான். சந்தேகம் நிற்கும் இடம் மட்டும் மாறியிருக்கிறது. சரியான விடை இரண்டு மொழியிலும் இரண்டாவதுதான். தவறான விடையின் கவர்ச்சிதான் மொழிக்கு மொழி வேறுபடுகிறது. ஆங்கிலக் கவிதைகளைத் தமிழாக்கி இந்த மாதிரிப் பத்திரிகைகளில் போடுகிறவர்கள் இதை எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று கேட்க ஆசை. கருத்து வந்துவிட்டதா, படிமம் வந்துவிட்டதா என்று பார்க்கிறோம். மூலத்தில் முதலிலேயே சந்தேகப்படச் சொன்ன வரி, தமிழில் நம்பவைத்துவிட்டுச் சந்தேகப்படச் சொன்னால் அது எந்தக் கவிதை?

"அப்போ தமிழ்ல கடைசி வார்த்தை வர்ற வரைக்கும் எதையும் நம்பக் கூடாதா?" என்று கேட்டாள். 'என்று' இல்லாமல், யாரோ சொன்னதையும் நினைத்ததையும் மட்டுமே வைத்து ஒரு பத்தி எழுதிக்கொண்டு வரும்படி எனக்கு வேலை கொடுத்திருக்கிறாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள். கவுண்டரில் கூட்டம் இல்லாத நேரத்தில், பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் மூன்று நாளாக முயன்றுகொண்டிருக்கிறேன். இரண்டு வாக்கியத்துக்குமேல் போகவில்லை.